மொட்டை மாடி பட்டறை: எல்லாரும் என்கிட்ட கேக்குற கேள்விகள்

அயனாவரத்துல எங்க வீட்டு மொட்டை மாடில 8-க்கு 6 அடில ஒரு ஷெட் இருக்கு, அதுதான் எங்க பட்டறை. அப்பா ஐசிஎஃப்-ல ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவர், 1955-ல நேரு வந்து திறந்து வச்ச அதே ரயில் பெட்டி ஃபாக்டரிதான், எங்க ஏரியால தெருவுக்கு நாலு பேராவது அங்க வேலை பாத்தவங்க இருப்பாங்க. அரம் புடிக்கறதுல இருந்து அத்தனையும் அவர்கிட்ட கத்துக்கிட்டது. நான் பாக்குறது பேங்க் வேலை, காலைல ஆபீஸ் கிளம்புற வரைக்கும் கொஞ்ச நேரம், அப்புறம் சனி ஞாயிறு, அவ்வளவுதான் மாடிக்கு. தெருப் பசங்க, கூட வேலை பாக்குறவங்க, சொந்தக்காரங்கன்னு யாராவது கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க, கேள்வியும் முக்கால்வாசி ஒரே கேள்விதான், அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன்.

அக்கா, எங்களுது ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட், மொட்டை மாடி சாவி அசோசியேஷன்கிட்ட இருக்கு. இடமே இல்லாம என்ன பண்றது?

பால்கனி போதும். பழைய கால் மிதி தையல் மெஷின் ஸ்டாண்டு யார் வீட்டு பரண்லயாவது கெடக்கும், இல்லன்னா காயலான் கடைல கெடைக்கும், அந்த இரும்பு ஸ்டாண்டு மேல 19 எம்எம் பிளைவுட் ஒரு துண்டு போல்ட் போட்டு முடுக்கிட்டா அதை விட நல்ல சின்ன மேஜை கிடையாது, வெயிட்டா இருக்கும், ஆடாது. டூல்ஸை மாட்டி வைக்க சுவத்துல ஒரு பலகை. எனக்கும் கல்யாணம் ஆகி முதல் ஆறு வருஷம் பால்கனிதான், துணி காயப் போடுற கொடிக்கு கீழ உக்காந்துதான் ரெண்டு ஸ்டூலும் ஒரு செருப்பு ஸ்டாண்டும் செஞ்சேன். ஷெட்டு கட்டினதுக்கு அப்புறம்தான் ஆரம்பிப்பேன்னு இருக்காதீங்க.

முதல்ல என்னென்ன டூல் வாங்கணும்? ஆன்லைன்ல 100 பீஸ் செட் ஒண்ணு ஆஃபர்ல வருதே?

அந்த செட் வேண்டாம். அதுல 70 பீஸ் நீங்க தொடவே மாட்டீங்க, மிச்ச 30-ம் மெத்து இரும்பு, நாலு தடவை திருகுனா முனை மழுங்கி ஸ்க்ரூ தலையையும் சேத்து கெடுத்துடும்.

நான் சொல்றது இதுதான்: நல்ல கட்டிங் பிளேயர் ஒண்ணு, திருப்புளி நாலு (தட்டை ரெண்டு, ஸ்டார் ரெண்டு), அரை கிலோ சுத்தி, ஆக்ஸா ஃபிரேமும் பிளேடும், டேப்பு, மூலமட்டம் (மூலை நேரா 90 டிகிரி இருக்கான்னு பாக்குறது), லைன் டெஸ்டர், ஒரு மல்டிமீட்டர். இதுக்கு மேல எது வேணும்னாலும் வேலை வரும்போது வாங்குங்க, அதாவது ஒரு வேலை கைல இருக்கு, அந்த டூல் இல்லாம அந்த வேலை நடக்கவே நடக்காது, அப்போ வாங்குனா அது வாழ்நாள் முழுக்க உங்க கூட இருக்கும். அப்பாவோட பெஞ்ச் வைஸ், அதாவது மேஜைல மாட்டி பொருளைக் கவ்விப் புடிக்குற இடுக்கி, பழைய மூர் மார்க்கெட்ல வாங்குனது, 1985-ல அந்த மார்க்கெட் தீப்பிடிச்சு எரியறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, இன்னைக்கும் அதுலதான் நான் வேலை பாக்குறேன், திருகு ஒரு நூல் கூட ஆடலை. கொஞ்சமா வாங்குங்க, வாங்குறதை நல்லதா வாங்குங்க.

டிரில் மெஷின் மட்டும் உடனே வாங்கிடலாமா?

வாங்கலாம், வீட்ல தேவைப்படும். சாதா செங்கல் சுவத்துக்கு இம்பாக்ட் டிரில் போதும். ஆனா பீம், பில்லர், சீலிங் மாதிரி கான்கிரீட்ல அது லேசுல உள்ள போகாது, பிட்டுதான் சூடாகி நீலம் பூக்கும், அதுக்கு ரோட்டரி ஹேமர் வேணும், அதை ஒரு நாள் வாடகைக்கு எடுத்துக்கோங்க. ஓட்டை போடுறதுக்கு முன்னாடி சுவிட்ச் போர்டு எங்க இருக்குன்னு பாருங்க, அதுக்கு நேர் மேலயும் நேர் கீழயும் கை வைக்காதீங்க, கன்சீல்டு பைப் அந்த வழியாதான் போகும்.

முதல் ப்ராஜெக்ட் என்ன பண்ணலாம்?

இதுதான் எனக்கு ரொம்பப் புடிச்ச கேள்வி. எல்லாரும் டீப்பாய் பண்ணட்டுமா, ரோபோ பண்ணட்டுமான்னு கேக்குறாங்க, நான் எப்பவும் சொல்றது உங்க வீட்ல ஓடாம நிக்கிற பொருள் எது, அதை எடுங்க. ஏற்கனவே கெட்டுப் போனது, அதனால கெடுத்துடுவோமோன்னு பயம் இல்லை, சரியாச்சுன்னா வீடே பாக்கும்.

சென்னைல அது பெரும்பாலும் சீலிங் ஃபேனாதான் இருக்கும். வருஷத்துல பத்து மாசம் ராத்திரி பகலா ஓடுது பாவம். ஃபேன் ஸ்லோவா சுத்துது, இல்ல உம்முன்னு சத்தம் மட்டும் வருது, கைல தள்ளி விட்டா சுத்துதுன்னா நூத்துக்கு தொண்ணூறு கெப்பாசிட்டர் போயிருக்கும். சிங்கிள் ஃபேஸ் மோட்டார் தானா சுத்த ஆரம்பிக்காது, அதுக்குள்ள ரெண்டாவதா ஒரு காயில் இருக்கு, அந்தக் காயில்ல போற கரண்ட்டை கொஞ்சம் முன்ன பின்ன தள்ளி விட்டு காந்தப் புலத்தை சுத்த வைக்கிறதுதான் கெப்பாசிட்டரோட வேலை. அது வயசாகி வத்திப் போச்சுன்னா தள்ளி விடுற பலம் கொறஞ்சிடும், ஃபேன் தடுமாறும்.

மெயின்ல எம்சிபி (லோடு அதிகமானா தானா விழுற சுவிட்ச்) ஆஃப் பண்ணுங்க, சுவிட்ச் மட்டும் ஆஃப் பண்ணா பத்தாது, நெறைய பழைய வீட்ல சுவிட்சை நியூட்ரல்ல குடுத்து வச்சிருப்பாங்க, சுவிட்ச் ஆஃப்ல இருந்தாலும் ஃபேன்ல ஃபேஸ், அதாவது கரண்ட், நிக்கும். டெஸ்டர் வச்சு பாருங்க. அந்த டெஸ்டர் எரியுதான்னு முதல்ல ஓடுற பிளக்ல வச்சு பாத்துட்டு வாங்க. ஏணியை ஒருத்தர் புடிச்சுக்கணும். ராடு பக்கத்துல இருக்குற கப்பை தளர்த்துனா கெப்பாசிட்டர் தெரியும், பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட், 440 வோல்ட்னு மேலயே போட்டிருக்கும். அதையே கழட்டி கடைக்கு எடுத்துட்டுப் போய் காட்டுங்க, அதே அளவு வாங்குங்க. பெருசா போட்டா ஃபேன் இன்னும் வேகமா சுத்தும்னு கடைல சொல்லுவாங்க, கேக்காதீங்க, காயில் சூடாகும், கொஞ்ச மாசத்துல வைண்டிங்கே போயிடும். புதுசு போட்டும் கரகரன்னா பேரிங், அது கொஞ்சம் பெரிய வேலை, ஃபேனை இறக்கணும்.

எங்க அத்தை வீட்டு ஃபேன் மூணு வருஷமா ஊர்ந்துக்கிட்டு இருந்துச்சு. கெப்பாசிட்டர் மாத்துன அன்னைக்கு அத்தை போர்வை எடுத்துக்கிட்டு படுத்தாங்க.

மிக்ஸி அடிக்கடி நிக்குது. நானே பாக்கலாமா?

பாக்கலாம். திடீர்னு நின்னா முதல்ல மிக்ஸியைத் திருப்பி அடில பாருங்க, சின்னதா ஒரு சிவப்பு பட்டன் இருக்கும், ஓவர்லோட் பட்டன், அஞ்சு நிமிஷம் ஆற விட்டு அதை அமுக்குனா ஓடும். பாதி மிக்ஸி இதுக்காகவே ரிப்பேர் கடைக்குப் போயிட்டு வருது. ஜார் அடில தீப்பொறி அதிகமா தெரிஞ்சாலோ, விட்டு விட்டு ஓடுனாலோ மோட்டாருக்கு கரண்ட் குடுக்குற கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கும், ரெண்டு பக்கமும் ஒண்ணு ஒண்ணு இருக்கும், ஸ்ப்ரிங்கோட வரும், ஜோடியாதான் மாத்தணும். மோட்டார் ஓடுது, ஜார் சுத்தலைன்னா கப்ளர் (மோட்டாரையும் ஜாரையும் இணைக்குற பாகம்) பல்லு போயிருக்கு. கப்ளரை கழட்ட கீழ ஷாஃப்ட்டை அசையாம புடிச்சுக்கிட்டு, மோட்டார் எந்த திசைல ஓடுமோ அதே திசைல திருகணும், எதிர்ப்பக்கம் திருகுனா இறுகிக்கிட்டே போகும், ஓடும்போது தானா கழண்டுடக் கூடாதுன்னுதான் அப்படி மரை போட்டிருக்காங்க. பிளக்கை பிடுங்கிட்டுதான் இதெல்லாம்.

கரண்ட்னாலே பயம். ஷாக் அடிக்காம இருக்க என்ன பண்ணணும்?

பயம் இருக்கட்டும், நல்லதுதான். நம்ம வீட்டுக்கு வர்றது 230 வோல்ட், ஈரக் கையோட தொட்டா உயிர் போகும், இதுல நான் சமாதானமே பேச மாட்டேன்.

முதல் வேலை, வீட்டு மெயின்ல 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி இருக்கான்னு பாருங்க. எம்சிபி இருக்கே போதாதான்னு கேப்பாங்க. எம்சிபி காப்பாத்துறது ஒயரை, அதாவது லோடு அதிகமானாலோ ஷார்ட் ஆனாலோதான் விழும். உங்க உடம்பு வழியா தரைக்குப் போற கரண்ட் ரொம்பக் கொஞ்சம், எம்சிபிக்கு அது தெரியவே தெரியாது. ஆர்சிசிபி என்ன பண்ணுதுன்னா ஃபேஸ்ல போன கரண்ட் மொத்தமும் நியூட்ரல்ல திரும்பி வருதான்னு கணக்கு பாத்துக்கிட்டே இருக்கும், நடுவுல கொஞ்சம் காணாமப் போச்சுன்னா உடனே விழுந்துடும். அதுல டெஸ்ட் பட்டன் ஒண்ணு இருக்கும், மாசம் ஒரு தடவை அமுக்கிப் பாருங்க, விழலைன்னா மாத்துங்க. எர்த்தும் சரியா இருக்கணும், லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வச்சு ஒரு தடவை பாத்துடுங்க, மெயின் போர்டுல நீங்களா கை வைக்காதீங்க.

ரெண்டாவது, சீரிஸ் போர்டு ஒண்ணு செஞ்சுக்கோங்க. ரேடியோ ரிப்பேர் கடைல பாத்திருப்பீங்க, ஒரு ஹோல்டர்ல குண்டு பல்பு, பக்கத்துல ஒரு சாக்கெட், பல்பும் சாக்கெட்டும் சீரிஸ்ல. ரிப்பேர் பண்ண பொருளை நேரா பிளக்ல சொருகாம முதல்ல இதுல சொருகுங்க, உள்ள ஷார்ட் இருந்தா பல்பு முழுசா எரியும், அவ்வளவுதான், வெடிக்காது, பியூஸ் போகாது. எல்இடி பல்பு இதுக்கு ஆகாது, 100 வாட் பழைய இழை பல்புதான் வேணும், நான் நாலு வாங்கி பத்திரமா வச்சிருக்கேன். ஆனா ஒண்ணு, சீரிஸ் போர்டு பொருளைத்தான் காப்பாத்தும், ஆளை இல்லை. அதுல சொருகி இருக்கும்போதும் உள்ள கை வைக்கக் கூடாது.

டிவி, மைக்ரோவேவ் ரெண்டையும் தொறக்காதீங்க. மைக்ரோவேவ் உள்ள இருக்குற கெப்பாசிட்டர் பிளக்கைப் பிடுங்குன பிறகும் ஆயிரக்கணக்கான வோல்ட்டை வச்சுக்கிட்டு இருக்கும்.

இரும்பு அறுக்குற ஆங்கிள் கிரைண்டர் வாங்கிட்டேன், மரம் வெட்டுற பிளேடும் கூடவே குடுத்தாங்க. போடலாமா?

போடாதீங்க. தயவு செஞ்சு போடாதீங்க. நம்ம ஊர்ல கார்பெண்டருங்க நெறைய பேர் பண்றாங்க, அதைப் பாத்து பண்றீங்க, ஆனா அவங்க கையைக் கேட்டுப் பாருங்க, விரல் போன கதை ஒவ்வொருத்தர்கிட்டயும் இருக்கும். 4 இன்ச் கிரைண்டர் நிமிஷத்துக்கு 11,000 சுத்து சுத்துது, பல்லு வச்ச பிளேடு மரத்துல ஒரு முடிச்சுல மாட்டுச்சுன்னா மெஷின் அப்படியே கையை விட்டு உங்க பக்கம் எகிறும், கண்ணு சிமிட்டுற நேரம் கூட கிடையாது. மரத்துக்கு சர்க்குலர் ரம்பம் இருக்கு, கை ரம்பம் இருக்கு.

இரும்புக்கு கிரைண்டர் போடும்போதும் கார்டை (டிஸ்க்கை மூடி இருக்குற தகடு) கழட்டாதீங்க. பெரிய டிஸ்க் போடறதுக்காகத்தான் கார்டை கழட்டுறாங்க, டிஸ்க் மேல அதிகபட்ச ஆர்பிஎம் போட்டிருக்கும், உங்க மெஷின் வேகம் அதுக்குள்ள இருக்கணும், பெரிய டிஸ்க்குக்கு அந்த நம்பர் கொறைவு, அதை மீறினா டிஸ்க் சிதறும். கீழ விழுந்த டிஸ்க்கை தூக்கிப் போடுங்க, விரிசல் கண்ணுக்குத் தெரியாது.

துப்பட்டாவை கழட்டி வச்சுட்டு, முடியைக் கொண்டை போட்டுட்டுதான் நான் ஷெட்டுக்குள்ளயே போவேன். டிரில் போடும்போது கிளவுஸ் வேண்டாம், துணி கிளவுஸ் பிட்டுல சுத்திக்கிச்சுன்னா கையையும் இழுத்துக்கும்.

கண்ணுல இரும்புத் தூள் விழுந்துடுச்சுன்னா?

கசக்காதீங்க. சுத்தமான தண்ணில கழுவுங்க, அப்படியும் உறுத்துனா நேரா கண் டாக்டர். நாக்கால எடுக்குறது, துணி முனையால எடுக்குறது எதுவும் கூடாது. இரும்புத் தூள் கருவிழில ஒட்டுனா சில மணி நேரத்துலயே அதை சுத்தி துரு வளையம் வந்துடும், அதை டாக்டர்தான் எடுக்க முடியும். எழும்பூர்ல அரசு கண் ஆஸ்பத்திரி இருக்கு, 1819-ல ஆரம்பிச்சது, உலகத்துலயே ரொம்பப் பழைய கண் ஆஸ்பத்திரிகள்ல ஒண்ணு. என்னை அங்க ஒரு தடவை அப்பா கூட்டிட்டுப் போனார், கண்ணாடியை நெத்தி மேல தூக்கி விட்டுட்டு "ஒரே ஒரு வெட்டுதானே"ன்னு ஒரு இரும்பு ஆங்கிளை அறுத்தேன், அந்த ஒரு வெட்டுதான். அன்னைல இருந்து கிரைண்டர் பிளக்லயே கண்ணாடியைக் கட்டி வச்சிருக்கேன், அதை அவுத்தாதான் பிளக்கை சொருக முடியும்.

பிளைவுட்ல எது வாங்கணும்? கடைக்காரர் எல்லாமே வாட்டர் ப்ரூஃப்னு சொல்றார்.

முத்திரையைப் பாருங்க. ஐஎஸ் 710-னு போட்டிருந்தா பிடபிள்யூபி, மரைன் பிளைவுட்னு சொல்றது, அதுதான் தண்ணி படுற இடத்துக்கு. ஐஎஸ் 303-ல எம்ஆர்னு இருந்தா அது ஈரக் காத்தைத் தாங்கும், தண்ணியைத் தாங்காது, பெட்ரூம் ஷெல்ஃபுக்கு ஓகே. எம்டிஎஃப் (மரத் தூளை அழுத்திச் செஞ்ச பலகை) நம்ம ஊர் பால்கனில ஒரு மழைக்காலம் தாண்டாது, ஊறி இட்லி மாதிரி உப்பிடும்.

முழு ஷீட் 8-க்கு 4 அடி, வீட்ல வச்சு அறுக்க இடம் கிடையாது, அளவை எழுதிட்டுப் போனா கடைலயே மெஷின்ல நேரா அறுத்துக் குடுப்பாங்க.

இன்னொரு வழி, எனக்கு ரொம்ப இஷ்டமானது, பழைய வீடு இடிக்கிற இடத்துல கெடைக்குற மரம். பழைய தேக்கு ஜன்னல் சட்டம் அம்பது அறுபது வருஷம் காஞ்சு கெடக்கும், இனி சுருங்கறதுக்கு அதுல ஒண்ணும் இல்லை. பெயிண்டை சொரண்டுனா உள்ள தேன் கலர். ஆனா ஆணி ஒண்ணு விடாம புடுங்குங்க, காந்தம் வச்சுத் தடவிப் பாருங்க, ரம்பம் ஒரே இழுப்புல பல்லு போயிடும். கரையான் தடம் இருந்தா வீட்டுக்குள்ளயே கொண்டு வராதீங்க. பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம், அதனால உப்புத்தாள் காஞ்ச நெலைல போட வேண்டாம், தண்ணி தொட்டு தேய்ங்க, மாஸ்க் போடுங்க, பிள்ளைங்க பக்கத்துல வேண்டாம்.

மேஜை டிராயர் வெயில் காலத்துல நல்லா இருந்துச்சு, ஐப்பசில மாட்டிக்கிச்சு. நான் அளவு தப்பா எடுத்துட்டேனா?

அளவு சரிதான், மரம் ஈரம் குடிச்சு அகலத்துல வளந்திருக்கு. மரம் நீளத்துல அவ்வளவா மாறாது, ரேகைக்கு குறுக்கேதான் மாறும். சித்திரைல செய்யறதா இருந்தா ரெண்டு பக்கமும் கொஞ்சம் கூடவே இடம் விடுங்க. இப்போ மாட்டிக்கிட்டதை இழைப்புளி போட்டு இழைச்சுத் தள்ளிடாதீங்க, தை மாசம் பாத்தா தொளதொளன்னு ஆடும். மெழுகுவத்தியை ஓரத்துல தேய்ச்சு விடுங்க, சமாளிச்சுக்கலாம். மழை நாள்ல பாலிஷும் போடாதீங்க, காத்துல இருக்குற ஈரம் உள்ள மாட்டி வெள்ளை வெள்ளையா பூத்துடும்.

கடைல "மூணு நூல்", "நாலு நூல்"னு சொல்றாங்க, அது என்ன கணக்கு?

ஒரு இன்ச்சுக்கு எட்டு நூல். ஒரு நூல்னா மூணு எம்எம் சொச்சம், சரியா 3.175. மூணு நூல் கம்பின்னா சுமாரா 10 எம்எம், நாலு நூல்னா 12 எம்எம், ரெண்டரை நூல் 8 எம்எம். மேஸ்திரி, வெல்டர், கார்பெண்டர் எல்லாரும் இதுலதான் பேசுவாங்க, நாம எம்எம்ல வரைஞ்சு எடுத்துட்டுப் போய் அவங்க நூல்ல வெட்டிக் குடுத்தா அரை எம்எம் ஒரு எம்எம் வித்தியாசம் வரும். துணி ரேக்குக்கு பரவாயில்லை. கீல் வச்ச கதவுக்கு ஆகாது, அதுக்கு எம்எம்லயே எழுதிக் குடுத்து பக்கத்துல நில்லுங்க.

எங்க போய் வாங்குறது? பொண்ணா தனியா போனா மதிப்பாங்களா?

எலக்ட்ரானிக்ஸ்னா ரிச்சி ஸ்ட்ரீட், மவுன்ட் ரோடு பக்கம், சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயில் ஸ்டேஷன்ல இருந்து நடந்துடலாம், ஞாயித்துக்கிழமை போகாதீங்க, கடைங்க பெரும்பாலும் பூட்டியிருக்கும். ஹார்ட்வேர், பைப் ஃபிட்டிங், டூல்ஸுக்கு பாரிமுனை, செம்புதாஸ் தெரு, லிங்கி செட்டி தெரு சுத்தி. வண்டி பாகம், பழைய மோட்டார், பழைய ஸ்ப்ரிங்குன்னா புதுப்பேட்டை. மத்ததுக்கு உங்க தெருமுனை ஹார்ட்வேர் கடைதான், அவர்கிட்ட பழக்கம் வச்சுக்கோங்க, ஒரே ஒரு போல்ட் நட்டுக்காக பாரிமுனை வரைக்கும் போக முடியாது.

ஆரம்பத்துல என்கிட்ட "வீட்ல ஆம்பளைங்க யாரும் வரலையாம்மா"ன்னு கேட்டாங்க, எரிச்சலாதான் இருந்துச்சு. ஆனா பழைய பாகத்தை கைல எடுத்துட்டுப் போய், அளவைத் தெளிவா சொல்லி, "இது ஆறு எம்எம் மரை, பிட்ச் ஒண்ணு, அதே குடுங்கண்ணா"ன்னு கேட்டா அப்புறம் பேச்சே மாறிடுது. இன்னைக்கு ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு கடை அண்ணன் நான் வாங்க வந்த மாட்யூலை "இது வேணாம் மேடம், திரும்பி திரும்பி வருது"ன்னு அவரே தடுத்து வேற குடுப்பார். காலைல 11 மணிக்கு கூட்டம் இல்லாத நேரத்துல போங்க, கேள்வி கேக்க விடுவாங்க.

டூல்ஸ் எல்லாம் துரு புடிக்குது. நாங்க இருக்கறது திருவான்மியூர்.

உப்புக் காத்து, வேற வழியில்லை, அங்க எங்களை விட நீங்க ரெண்டு மடங்கு பாத்துக்கணும். வேலை முடிஞ்சதும் வேர்வையைத் துடைச்சுட்டு தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டு துணியால தடவுங்க. நல்லெண்ணெய், சமையல் எண்ணெய் வேண்டாம், நாளானா பிசின் மாதிரி ஆயிடும். மூடி போட்ட டப்பால சிலிகா ஜெல் பொட்டலத்தோட வைங்க. துரு புடிச்சதை வினிகர்ல ஒரு ராத்திரி ஊறப் போட்டு, காலைல பிரஷ் போட்டு தேய்ச்சு, சமையல் சோடா கலந்த தண்ணில அலசி, உடனே வெயில்ல காய வச்சு எண்ணெய் போடுங்க. அப்படியே ஈரத்தோட விட்டா மதியத்துக்குள்ள மறுபடி செவந்துடும். வெள்ளம் வர்ற ஏரியான்னா மோட்டார் உள்ள எதையும் தரைல வைக்காதீங்க, 2015 டிசம்பர்ல என் ஃப்ரெண்டோட கீழ்த்தள பட்டறைல டிரில், ரம்பம், கம்ப்ரெஸர் எல்லாம் ரெண்டு நாள் தண்ணில கெடந்துச்சு, பரண்ல இருந்தது மட்டும்தான் மிஞ்சுச்சு.

மாடில ஷெட் போடணும். என்ன கூரை?

ஆஸ்பெஸ்டாஸ் வேண்டாம். ஏற்கனவே இருந்தா அதுல டிரில் போடறது, அறுக்கறது, பிரஷ் போட்டு தேய்க்கறது எதுவும் செய்யாதீங்க, அந்தத் தூசி நுரையீரலுக்குள்ள போனா கேன்சர் வரைக்கும் கொண்டு போகும். கலர் கோட்டிங் போட்ட மெட்டல் ஷீட் போடுங்க, வெள்ளை கலர். அடில இடைவெளி விட்டு காத்து போற மாதிரி ரெண்டு பக்கம் வலை. அக்னி நட்சத்திரத்துல மதியம் அங்க நிக்கவே முடியாது, அதை ஒத்துக்கிட்டு காலைல ஆறுல இருந்து ஒன்பதுக்குள்ள வேலையை முடிங்க. ஷீட்டை ஆணி அடிக்காம ஜே எழுத்து மாதிரி வளைஞ்ச ஜே போல்ட் போட்டு இரும்பு ஆங்கிளோட புடிங்க. 2016 டிசம்பர் 12 வர்தா புயல்ல எங்க முதல் ஷெட்டோட கூரை மூணாவது வீட்டு தண்ணி டேங்க் மேல போய் விழுந்துச்சு, நல்ல வேளை ஆள் யாரும் இல்லை. வீடு சொந்தமா இருந்தாலும் நிரந்தரமா கட்டுறதா இருந்தா மாநகராட்சி அனுமதி என்னன்னு கேட்டுக்கோங்க.

சத்தம் போடுதுன்னு கீழ் வீட்டு மாமி சண்டைக்கு வர்றாங்க.

மாமி பக்கம் நியாயம் இருக்கு. குடியிருப்புப் பகுதிக்கு பகல்ல 55 டெசிபல், ராத்திரி பத்துல இருந்து காலைல ஆறு வரைக்கும் 45-னு 2000-ல வந்த விதி சொல்லுது, கிரைண்டர் சத்தம் அதுக்கு எங்கயோ மேல. அதனால சத்தம் போடுற வேலையை மொத்தமா சேத்து வச்சு ஒரு நாள், சொல்லிட்டு, ஒரு மணி நேரம். மேஜை கால் அடில ரப்பர் ஷீட். சுத்தியால தட்டுறதை பில்லர்ல வச்சு தட்டாதீங்க, அது கட்டடம் முழுக்க கேக்கும். கீழ் வீட்டு மிக்ஸியை ஒரு தடவை சரி பண்ணிக் குடுத்தீங்கன்னா மிச்சம் தானா நடக்கும், நான் அப்படித்தான் பண்ணேன்.

3டி பிரிண்டர் வாங்கலாமா?

பையன் வச்சிருக்கான், நல்லாதான் இருக்கு. அதுல உருக்கிப் போடுற பிஎல்ஏ பிளாஸ்டிக் கம்பி நம்ம ஊர் காத்துல ஈரம் குடிச்சு பிரிண்ட்ல புசுபுசுன்னு வரும், காத்து புகாத டப்பால வைங்க. பிஎல்ஏ 60 டிகிரில இளகும், வெயில்ல நிக்கிற கார் டேஷ்போர்டுக்கு அதுல ஃபோன் ஸ்டாண்டு செய்யாதீங்க.

சால்டரிங் பண்ணா புகை உடம்புக்கு ஆகாதாமே?

புகை பெரும்பாலும் சால்டர் கம்பிக்கு உள்ள இருக்குற ஃப்ளக்ஸோடது, உலோகம் நல்லா ஒட்டறதுக்காக வைக்கிறது அது, ஆஸ்துமா இருக்கறவங்களுக்கு ரொம்ப கெடுதல், சின்ன ஃபேன் வச்சு வெளில தள்ளுங்க. ஈயம் கைல ஒட்டும், அதனால பஜ்ஜி சாப்பிடுறதுக்கு முன்னாடி சோப்பு போட்டு கழுவுங்க. 25 வாட் சால்டரிங் அயன், 60/40 (வெள்ளீயம் 60, ஈயம் 40) சால்டர், முனையை ஈரப் பஞ்சுல துடைச்சுக்கிட்டே இருங்க. கம்பியை முனைல உருக்கி தடவாதீங்க, ஜாயின்ட்டை சூடு பண்ணி அது மேல கம்பியை வைங்க, தானா ஓடும்.

என் பொண்ணுக்கு எட்டு வயசு, பட்டறைக்குள்ள வரணும்னு அடம். விடலாமா?

விடுங்க, ஆனா பிளக்ல சொருகுற எதுவும் கைல குடுக்காதீங்க. திருப்புளி குடுத்து ஓடாத கடிகாரத்தையோ பழைய ரேடியோவையோ பிரிக்கச் சொல்லுங்க, பேட்டரி எடுத்தாச்சான்னு பாத்துட்டு. எனக்கு அப்பா ஏழு வயசுல ஒரு இரும்புத் துண்டும் அரமும் குடுத்து நாலு பக்கமும் மூலமட்டத்துக்கு வெளிச்சம் தெரியாம ராவச் சொன்னார், மூணு வாரம் ஆச்சு. அவளுக்கும் கண்ணாடி அவ அளவுக்கு வாங்குங்க, பெரியவங்களுது முகத்துல நிக்காது. கோடை லீவுல கோட்டூர்புரம் அறிவியல் மையத்துக்கு ஒரு நாள் கூட்டிட்டுப் போங்க, பக்கத்துலயே அண்ணா நூற்றாண்டு நூலகம், ரெண்டையும் சேத்துப் பாத்துடலாம்.

ஆயுத பூஜைக்கு என்ன பண்ணுவீங்க?

முந்தின நாள் எல்லாத்தையும் கீழ இறக்கி, துடைச்சு, எண்ணெய் போட்டு, கெட்டதைத் தனியா எடுத்து வைப்போம், வருஷத்துல இந்த ஒரு நாள்தான் டப்பா அடி வரைக்கும் பாக்குறோம். அப்புறம் சந்தனம், குங்குமம், பொரி கடலை, வைஸுக்கு ஒரு மாலை. அன்னைக்கு எதையும் தொட மாட்டோம், கீழ் வீட்ல ஃபேன் நின்னாலும் மறுநாள்தான்.

பழைய ஸ்க்ரூ, ஸ்ப்ரிங், வாஷர் எல்லாம் எதுல போட்டு வைக்கிறீங்க?

ஹார்லிக்ஸ் பாட்டில்ல. மூடியை ஷெல்ஃபோட அடிப்பக்கம் ரெண்டு ஸ்க்ரூ போட்டு முடுக்கிட்டா பாட்டிலை கீழ இருந்து திருகி மாட்டிக்கலாம், உள்ள என்ன இருக்குன்னு கண்ணாடி வழியா தெரியும், மேஜைல இடமும் அடைக்காது. ஒரு ஸ்க்ரூ போதாது, பாட்டிலோட சேந்து மூடியும் சுத்தும்.